மருட்கையா, பெருமிதமா? – சண்டைப் படங்களும் ரசிகர் வழக்கும்

சங்க மலரில் சினிமாச் சண்டையைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் நம் வீட்டு இளவட்டங்கள் மூச்சுவிடாமல் எதைப் பற்றி வாதாடுகிறார்கள் என்று ஒருநாள் காது கொடுத்துக் கேட்டால் தெரியும். "பேட்மேனும் ப்ரூஸ் லீயும் மோதினா யாரு ஜெயிப்பா அங்கிள்?" என்று என்னையே மடக்கியிருக்கிறார்கள். பாதித் தமிழ், பாதி இந்தி, நடுவில் ஆங்கிலம். ஆனால் அந்த வாதத்தில் இருக்கும் கூர்மை, நாம் பட்டிமன்றங்களில் கைதட்டிக் கேட்கும் பல பேச்சுகளில் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆகவே அவர்கள் வழக்கையே எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த ஓர் அளவுகோலை வைத்து அளந்து பார்க்கிறேன்.

வழக்கில் இரண்டு கட்சி. ஒன்று சூப்பர் ஹீரோ கட்சி: சூப்பர்மேன், ஸ்பைடர்மேன், அயர்ன்மேன், அவெஞ்சர்ஸ். மற்றது குங்ஃபூ கட்சி: ப்ரூஸ் லீ, ஜாக்கி சான், ஜெட் லீ, தாய்லாந்தின் டோனி ஜா. இரண்டாவது கட்சியில் எங்கள் வயதுக்காரர்கள் அதிகம். 'என்டர் தி டிராகன்' (1973) படத்தை எந்த ஊர்க் கொட்டகையில் எத்தனை முறை பார்த்தோம் என்று இன்றும் கணக்குச் சொல்வார்கள். பிழைக்க வந்த ஊரின் பாஷை பிடிபடாத நாட்களில், பாஷையே தேவைப்படாத படங்களாக அவை இருந்தன என்பதும் ஒரு காரணம். கைகால் பேசினால் போதுமே.

குங்ஃபூ கட்சியின் முதல் வாதம்: "அது நிஜம், இது கிராபிக்ஸ்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிர்க்கட்சிப் பையன் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடுகிறான்: "கயிறு கட்டிக்கிட்டு மூங்கில் மேல நின்னு வாள் சுத்துறது நிஜமா?" அவன் சொல்வது ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' (2000). சூ யுன்ஃபாட்டும் ஜாங் ஸீயியும் மூங்கில் தோப்பின் உச்சியில் ஆடிக்கொண்டே மோதும் காட்சியை ரசிக்காத குங்ஃபூ ரசிகரை நான் பார்த்ததில்லை. அது முழுக்க முழுக்கக் கயிற்றால் ஆனது. அப்படியானால் நிஜம், பொய் என்ற தராசு இந்த வழக்குக்கு உதவாது. வேறு தராசு வேண்டும்.

அது நம் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. ஒவ்வொன்றும் எவ்வெவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகக் கணக்கும் கொடுக்கிறது. அவற்றுள் மருட்கை என்பது வியப்பு. இதுவரை காணாத புதியது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக மாறுவது ஆகிய நான்கையும் கண்டால் மருட்கை பிறக்கும். பெருமிதம் என்பது வீரம். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்ற நான்கால் அது பிறக்கும். இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படங்களைப் பாருங்கள். சூப்பர்மேன் புதியது. அவெஞ்சர்ஸ் படங்களில் வரும் தானோஸ் பெரியது. 'ஆன்ட்மேன்' (2015) சிறியது. சாதுவான விஞ்ஞானி பச்சை ராட்சசனாகும் ஹல்க், ஒன்று மற்றொன்றாவது. சூப்பர் ஹீரோ என்பவன் மருட்கைக்குப் பிறந்த பிள்ளை. குங்ஃபூ வீரனோ பெருமிதத்தின் பிள்ளை, அதிலும் முதற்காரணமாகிய கல்வியின் பிள்ளை. வீரத்துக்குக் காரணம் சொல்லும்போது தோள்வலியை விட்டுவிட்டுக் கல்வியை முதலில் வைத்தாரே, அந்த ஒன்றுக்காகவே அவரை வணங்கலாம்.

கல்வி எப்படி வீரமாகிறது என்பதை 'ஷாவ்லின் 36ஆம் கூடம்' (1978) படத்தைவிட விளக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது. ஷா பிரதர்ஸ் தயாரிப்பு, லாவ் கார்லியுங் இயக்கம், கார்டன் லியூ கதாநாயகன். படத்தின் நடுப்பகுதி முழுவதும் பாடம்தான். மடத்தில் முப்பத்தைந்து கூடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பயிற்சி. மேல்கைகளில் கத்தி கட்டியிருக்க, இரு கைகளையும் நீட்டித் தண்ணீர் வாளி சுமக்க வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் கத்தி ஏறும். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர். அதில் மிதக்கும் கட்டைகளின் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. கதாநாயகன் விழுகிறான், நனைகிறான், மறுபடி விழுகிறான். நாமும் கூடவே எண்ணிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் அவன் வில்லனை அடிக்கும்போது அந்த அடிக்குள் எத்தனை வாளித் தண்ணீர் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். படத்தின் பெயரில் உள்ள முப்பத்தாறாவது கூடம் எது என்கிறீர்களா? மடத்துக்கு வெளியே, சாதாரண ஜனங்களுக்கு இந்தக் கலையைக் கற்றுக்கொடுக்க அவன் திறக்கும் பள்ளிதான். கல்வி அங்கே கொடையாகிவிடுகிறது.

மூங்கில் தோப்புப் படத்துக்கும் இதுவே விடை. ஆள் பறப்பது கயிற்றால்தான் என்றாலும், கதைக்குள் அது படிப்பால் வந்த பறத்தல். திருடிய ஏட்டிலிருந்து குருவுக்கே தெரியாமல் ஒரு பெண் கற்றுவிட்டாள். அந்தக் கல்விக்கு ஓர் ஒழுக்கம் வேண்டாமா என்பதுதான் அந்தப் படத்தின் முழு வழக்கு. ஆகையால்தான் குங்ஃபூ கட்சிக்காரர் அந்தக் கயிற்றை மன்னிக்கிறார். ஏன் மன்னிக்கிறோம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவே.

கேமராவைப் பற்றியும் ரசிகர்கள் சரியாகத்தான் பேசுகிறார்கள். "நாலு கட் போட்டு அடிச்சா அது சண்டையா?" என்பான் ஒருவன். ப்ரூஸ் லீ தானே இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' (1972) படத்தில் ரோமாபுரிக் கொலோசியச் சண்டையைப் பாருங்கள். சக் நாரிஸும் அவரும் மோதுவதற்கு முன் நிதானமாக உடம்பை முறுக்கிச் சூடேற்றுவதையே காட்டுகிறார். முதலில் லீ அடி வாங்குகிறார். பிறகு காலாட்டத்தை மாற்றுகிறார். தலை முதல் கால் வரை முழு உடம்பும் சட்டகத்துக்குள் இருப்பதால் அந்த மாற்றம் நமக்குப் புரிகிறது. சண்டைக்குள்ளேயே ஒருவன் கற்றுக்கொள்வதைப் பார்க்கிறோம். ஜெயித்த பின், இறந்தவனுடைய மேலங்கியையும் இடைக்கச்சையையும் எடுத்து அவன்மேல் போர்த்துகிறார். அந்த இடத்தில் கொட்டகை அமைதியாகிவிடும்.

ஜாக்கி சான் வேறு ரகம். அவர் பெருமிதத்தோடு நகையைச் சேர்த்தவர். பீக்கிங் ஆபரா பள்ளியில் சிறுவயதில் வதைபட்டுக் கற்ற உடம்பு அது. 'போலீஸ் ஸ்டோரி' (1985) படத்தில் வணிக வளாகத்தின் உச்சியிலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துச் சறுக்குவதை மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். கதைக்கு ஒரு தடவை போதும். மற்ற இரண்டும் ரசிகனுக்குக் கொடுக்கும் ரசீது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அடிபட்ட துண்டுக் காட்சிகளையும் அவர் போடுவதால்தான் நம் ஆட்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

இதையெல்லாம் வைத்துச் சூப்பர் ஹீரோ படத்தைத் தள்ளிவிடலாமா என்றால், கூடாது. 1938இல் காமிக்ஸ் பக்கத்தில் பிறந்த சூப்பர்மேன், 1978இல் ரிச்சர்ட் டானரின் படத்தில் கிறிஸ்டோபர் ரீவின் உருவில் பறந்தபோது உண்டான மருட்கை சாதாரணமானதல்ல. வியப்பும் மனிதனுக்கு வேண்டிய உணவுதான். ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. புதுமை நாளடைவில் பழசாகிவிடும். ஒரு நகரம் இடிந்தது போய், ஒரு கிரகம் இடிந்து, பிறகு பிரபஞ்சமே இடிய வேண்டியதாகிறது. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) உலகையே திரட்டிக் கொட்டகைக்குள் கொண்டுவந்தது. நான்கே ஆண்டு கழித்து வந்த 'தி மார்வெல்ஸ்' (2023), அந்த வரிசையிலேயே மிகக் குறைந்த வசூல் கண்டது. கிராபிக்ஸ் குறைந்ததாலா? இல்லை. வியந்து வியந்து கண் மரத்துப்போய்விட்டது.

பேட்மேன் இந்தக் கணக்கில் சேரமாட்டார். 'பேட்மேன் பிகின்ஸ்' (2005) படத்தில் சண்டையே தெரியவில்லை, இருட்டும் வெட்டும்தான் என்று குறைப்பட்டவர்கள் பலர். நான் அதில் நோலனின் பக்கம். அந்தப் படம் நாடுவது மருட்கையுமல்ல, பெருமிதமுமல்ல. அச்சம் என்ற மற்றொரு மெய்ப்பாடு. அடிப்பவன் யாரென்று அடிபடுகிறவனுக்குத் தெரியக்கூடாது. ஆனால் அதே வெட்டு வித்தையை, நடிகருக்குச் சண்டை வராது என்பதை மறைக்கப் பயன்படுத்தும் படங்களும் ஏராளம். அவற்றை ரசிகன் கிழித்துத் தோரணம் கட்டினால் நான் தடுக்கமாட்டேன்.

சூப்பர் ஹீரோ படத்திலும் பெருமிதம் பிறக்கும். கல்வியின் வழியாக அல்ல, கொடையின் வழியாக. சாம் ரெய்மியின் 'ஸ்பைடர்மேன் 2' (2004) படத்தின் ரயில் காட்சி நினைவிருக்கும். ஓடுகிற ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு அவன் மயங்கிச் சரிகிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். பார்த்தால், நம் வீட்டுப் பிள்ளை வயசு. சிலந்திக் கடியால் ஓசியில் வந்த சக்திதான். ஆனாலும் அதை மிச்சம் வைக்காமல் கொடுத்துவிட்டானே! குங்ஃபூ கட்சிக்காரர்களும் அந்த இடத்தில் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கட்சியும் ஒரே படத்துக்குள் வந்தால்? 'ஷாங்சி' (2021) அப்படி வந்தது. குங்ஃபூ மோகம் உலகைச் சுற்றிய 1973இல் மார்வெல் உருவாக்கிய பாத்திரம். படமாக 48 ஆண்டு ஆயிற்று. சான் பிரான்சிஸ்கோ நகரப் பேருந்துக்குள் நடக்கும் சண்டை, கம்பி, இருக்கை, மேலாடை எல்லாவற்றையும் ஆயுதமாக்கும் அசல் ஜாக்கி சான் பாணி. அதில் வியப்பில்லை: சண்டைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய பிராட் ஆலன், ஜாக்கி சானின் குழுவில் இருந்தவர். படம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு அவர் காலமானார். படம் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே படத்தின் முடிவில் இரண்டு ராட்சதப் பிராணிகள் வானில் புரள, கற்றுக்கொண்ட அந்த உடம்பு ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. பேருந்தில் ஈட்டிய பெருமிதத்தைக் கடைசியில் மருட்கைக்கு அடகு வைத்துவிட்டார்கள்.

ஹாலிவுட்டைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிடலாகாது. ஏ.ஆர். முருகதாஸின் 'ஏழாம் அறிவு' (2011) வந்தபோது வெளிமாநிலத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தோம். "குங்ஃபூ நம்மளுது" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். போதிதருமரைத் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. ஷாவ்லின் சண்டைக் கலையை அவரோடு முடிச்சுப் போடும் கதையோ, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பிந்திய நூலில் வருவது. அது கிடக்கட்டும். படத்துக்குள் பாருங்கள்: இன்றைய கதாநாயகனுக்கு அந்தக் கலை எப்படி வருகிறது? மரபணுவைத் தட்டி எழுப்பி! வாளி சுமக்கவில்லை, கட்டையிலிருந்து விழவில்லை. குங்ஃபூவைக் கொண்டாட வந்த தமிழ்ப்படம், சிலந்திக் கடியின் வழியைப் பிடித்துக்கொண்டது. பரம்பரைப் பெருமை வேறு, தொல்காப்பியர் சொன்ன பெருமிதம் வேறு. மறு ஆண்டே மிஷ்கினின் 'முகமூடி' (2012), கற்றுக்கொண்ட வீரனையே சூப்பர் ஹீரோ ஆக்கப் பார்த்தது. படம் ஓடவில்லை. அந்த உடுப்பு அவனுக்குப் பாரமாகவே இருந்தது என்றாலும், திசை சரியான திசை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்த வழக்கில் இன்னொரு நியாயமும் அடங்கியிருக்கிறது. யார் விழுந்தார், யார் அடி வாங்கினார் என்று பெயர் தேடிப் படிப்பவன் ரசிகன்தான். ஆஸ்கர் அமைப்பு சண்டை வடிவமைப்புக்குப் பரிசு உண்டு என்று அறிவித்ததே 2025இல்தான். 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து அது தொடங்கும். நம் தேசிய விருதில் இந்தப் பிரிவு முதலில் வழங்கப்பட்டது 2017இல், 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்கு. 'அந்நியன்' (2005) கராத்தே பள்ளிச் சண்டையை அமைத்த அதே பீட்டர் ஹெய்ன்தான்.

கட்சிகளுக்கு நடுவே சுவர் இருப்பதாக நாம்தான் நினைக்கிறோம். 'எக்ஸ்மென்' (2000) படத்தின் சண்டைகளை அமைத்த கோரி யுவன், ஜாக்கி சானோடு அதே ஆபரா பள்ளியில் வளர்ந்தவர். அவருக்கு அப்போது உதவியாளராக இருந்த கீ ஹுய் குவான், நடிக்க வாய்ப்பில்லாத நடிகர். பின்னர் 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' (2022) படத்தில் இடுப்புப் பை ஒன்றைச் சுழற்றியே காவலர்களை அடித்து வீழ்த்தும் கணவராக அவர் வந்தார். அவரும் மிஷெல் யோவும் 2023இல் ஆஸ்கர் வாங்கினார்கள். பல பிரபஞ்சங்கள் சுழலும் மருட்கை ஒரு பக்கம், அந்த இடுப்புப் பையின் பெருமிதம் மறு பக்கம். ஒன்றை ஒன்று விழுங்கவில்லை. அந்தச் சண்டைகளை அமைத்தவர்கள் ஆண்டி லே, பிரையன் லே என்ற சகோதரர்கள். எந்த மடத்திலும் அவர்கள் பயின்றவர்கள் அல்லர். பழைய ஹாங்காங் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, தாங்களாகவே செய்து பழகிய ரசிகர்கள்.