மண் மறுக்கப்பட்ட ஆண்டின் பாட்டுகள்

இன்னல் மிகுந்த காலத்தில் மனிதன் பாட்டை நாடுவது இயல்பு. அப்பாட்டு துன்பத்தை மறக்கச் செய்ததா, அதன் காரணத்தை எண்ணச் செய்ததா என்று கேட்பது விமரிசகனின் கடமை. கொள்ளைநோய் பரவிய 2020ஆம் ஆண்டிலும் அதனை ஒட்டிய மாதங்களிலும் வெளிவந்து, நாம் விரும்பிக் கேட்ட மூன்று இசைப் படைப்புகளை இக்கேள்வியோடு நோக்குவோம். கேட்கும் செவியும் ஒரு மண்ணைச் சேர்ந்ததே. நம் செவி பெரியநீலாவணையின் செவி; அடுத்த ஊர் முஸ்லிம் நெசவாளரின் மருதமுனை.

அவ்வாண்டு இக்கரைக்குத் தந்த துயர் நோயினால் மட்டும் விளைந்ததன்று. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி அறிவித்தல், தொற்றினால் மாண்டோரின் உடல்களை எரித்தே ஆகவேண்டும் என்றது. அடக்கம் செய்வதால் கேடில்லை என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தும் அரசு செவிசாய்க்கவில்லை. பிறந்து இருபது நாளான சிசுவின் ஜனாஸாவும் அந்த டிசம்பரில் எரிக்கப்பட்டது. கொழும்புக் கனத்தை மயானத்தின் வேலியிலே மக்கள் வெண்துணி கட்டித் தம் எதிர்ப்பைக் காட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில்தான் தடை நீங்கியது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. ஊர்தோறும் மையவாடி இருக்க, இறந்தவருக்கு ஆறடி மண் இல்லை என்றாகிவிட்ட ஆண்டு அது.

அந்த ஆண்டிலே வந்தது ஜி. வி. பிரகாஷ்குமார் இசையமைத்த ‘சூரரைப் போற்று’. அதில் ஏகாதசி எழுத, செந்தில் கணேஷ் பாடிய ‘மண்ணுருண்ட மேல’ ஒரு சாவுப்பாட்டு. மாண்டபின் மேலோர் கீழோர் ஏது என்ற பழைய உண்மையைக் கிராமத்து மெட்டில், உரத்த தாளத்தோடு அது கேட்கிறது. இதற்கே வழக்குத் தொடுத்தாரும் உளர் என்றால், சொல் எங்கோ சுட்டிருக்கிறது என்பது வெளிப்படை. ஆயினும் படம் தனியொருவன் வானேறும் வெற்றிக்கதையாகவே முடிகிறது. பாட்டு எழுப்பிய கேள்வி தெருவிலேயே நின்றுவிடுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். சாவு எல்லோரையும் சமனாக்கும் என்பது ஏழைகளின் கடைசி ஆறுதல். நம் கரையில் அவ்வாண்டு அந்த ஆறுதலும் பொய்த்துப் போயிற்று.

இரண்டாவது, 2020 பெப்ரவரியில் வெளிவந்த ‘ஐயப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளப் படம். இசை ஜேக்ஸ் பிஜோய். அட்டப்பாடியின் இருளர் குலத்து நஞ்சியம்மா தம் மொழியில் தாமே கட்டித் தாமே பாடிய ‘களக்காத்த’ அதன் உயிர். தமிழுக்கு நெருங்கிய உறவான அம்மொழி நம் செவிக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 2022இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி என அவர் தெரிவானபோது, முறையாக இசை பயிலாதவருக்கு இவ்விருது தகுமா என்ற கேள்வி எழுந்தது. காட்டிலும் களத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பயின்றது பயிற்சியில்லையா? சபையில் கற்றதே கலை, உழைப்போடு கற்றது வெறும் ஓசை என்பது பழைய மேட்டிமையின் குரலேயாகும். படமோ இரு ஆடவரின் வீம்பைப் பெரிதாக்கிப் பழங்குடி மக்களைப் பெரும்பாலும் பின்னணியில் நிறுத்துகிறது, இது குறையே. ஆயினும் பாட்டுக்குரியவரின் பெயர் பாட்டோடு நிற்கிறது.

மூன்றாவது தனிப்பாட்டு. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’. அறிவு எழுதி, தீயுடன் பாட, சந்தோஷ் நாராயணன் இசையமைத்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். ஐந்தேகால் இலட்சம் தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்பக் கையொப்பமிட்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தை நம் வாசகர் அறிவர். மண்ணைப் பண்படுத்தியவனுக்கு மண் உரியதாகவில்லை என்பதே இப்பாட்டின் பொருள். ஓட்டமாவடியில் முதற்குழிகள் வெட்டப்பட்ட அதே மாதத்தில், மூதாதையர் விட்டுச்சென்ற மண்ணைப் பற்றிய இவ்வொப்பாரியை நாம் கேட்டோம். மூன்றனுள் நம் நெஞ்சுக்கு மிக அண்மையில் வந்தது இதுவே.

ஆனால் அதன் பின்கதை கசப்பானது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டை இப்பாட்டைக் கொண்டாடியபோது, எழுதிய அறிவின் முகம் அதில் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கெனத் தனி அட்டை வெளியிடப்பட்டது. பாட்டினால் தங்களுக்கு வருமானம் எதுவும் கிட்டவில்லை என 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் கூறினார். நட்டவனுக்குக் கனி இல்லை என்று பாடிய பாட்டுக்கும் அதே கதி! கலைப்பண்டத்தின் சந்தை, கலையின் பொருளைத் தன்மீதே மெய்ப்பித்துக் காட்டிவிட்டது.

எனவே ஒரு பாட்டை மதிப்பிடுகையில் அது யாருடைய குரல், அக்குரலுக்குரியவரின் பெயர் எங்கே, பயன் யாருக்கு என்ற மூன்றும் கேட்கப்படவேண்டும். இக்கேள்விகள் நமக்கும் உரியன. கிழக்கின் வயல்களிலும் முற்றங்களிலும் பிறந்த நாட்டார் கவிகளில் எத்தனைக்குக் கட்டியவர் பெயர் எஞ்சியுள்ளது? க. சின்னத்துரை என்ற ஆசிரியர் ஊரின் பெயரையே தன் பெயராக்கி நீலாவணன் ஆனார்; இம்மண்ணின் உழவர் வாழ்வை ‘வேளாண்மை’க் காவியமாக்கினார். அவர் 1975இல் மறைந்தபின், 1982இல் அது நூலாயிற்று. அந்த வழியில் நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்?

2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் புறப்பட்டுப் பொலிகண்டி நோக்கிச் சென்ற பேரணி இக்கரையோர வீதியாலே சென்றது. பலவந்த எரிப்புக்கு எதிரான குரலும் அதன் கோரிக்கைகளுள் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் நின்று நடந்தனர். அந்த நடைக்கு ஒரு பாட்டு வேண்டியிருந்தது. நாம் விரும்பிய மூன்றும் அதற்கு அண்மையில் வருகின்றன, எதுவும் அதுவாகவில்லை. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரிற்று. மன்னிப்பு கோப்பில் கிடக்கும். துயர் பாட்டிலேதான் வாழும். அத்துயரை இரு ஊர்த் தாய்மாரும் தம் வாய்மொழியில் சொல்லக்கூடும். ஆசிரியரும் மாணவரும் ஏட்டோடு அவர்களிடம் செல்லட்டும். சொல்லை எழுதும்போது, சொன்னவர் விரும்பினால், அவர் பெயரையும் எழுதட்டும்.