கம்பெனிக்கு ஏற்ற மென்பொருளா, மென்பொருளுக்கு ஏற்ற கம்பெனியா?

"மென்பொருளில் கைவைக்காதீர்கள், உங்கள் வேலைமுறையை மாற்றிக்கொள்ளுங்கள்." ஈ.ஆர்.பி. ஆலோசகர்கள் முதல் கூட்டத்திலேயே சொல்லும் உபதேசம் இது. கொள்முதல், சரக்கு, கணக்கு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் இணைக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள், ரெடிமேட் சட்டை மாதிரி. பிரித்துத் தைத்தால் செலவு ஏறும், அடுத்த பதிப்பு வரும்போது தையல் விட்டுப்போகும் என்பார்கள். பெரும்பாலும் சரிதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகராட்சி 2022-ல் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியபோது, வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பகுதியைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. கடைசியில் மாற்றங்களைக் களைந்துவிட்டு, மென்பொருளை வந்தபடியே மறுபடி நிறுவ முடிவெடுத்தார்கள்.

இந்த உபதேசத்துக்கு வழக்கமாகக் காட்டப்படும் சாட்சி ஜெர்மனியின் மலிவு விலைக் கடைத்தொடர் லிடல். 2011-ல் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் நிறுவனத்துடன் தொடங்கிய திட்டத்தை 2018-ல் அந்த நிறுவனம் கைவிட்டது. செலவு சுமார் 50 கோடி யூரோ என்று பத்திரிகைகள் எழுதின. லிடல் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிட்டு வந்தது, எஸ்.ஏ.பி.யின் சில்லறை வணிக மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடும்படி அமைந்திருந்தது. லிடல் பழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைக்கச் சொன்னது. பிடிவாதத்துக்குக் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மலிவு விலைக் கடைக்கு வாங்கும் விலைதான் பிழைப்பே. அதைக் கண்ணிலிருந்து விலக்க மறுப்பதை மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த முரண்பாடு முதல் மாதத்திலேயே கண்ணில் படக்கூடியது. பழக்கத்தை விடுகிறோம், அல்லது இந்த மென்பொருள் நமக்கு வேண்டாம் என்று இரண்டில் ஒன்றை முதலாளி மட்டத்தில் அப்போதே தீர்மானித்திருந்தால், ஏழு வருடம் இழுத்திருக்காது.

உபதேசத்தால் தொடவே முடியாத தோல்விகளும் உண்டு. 1999-ல் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் எஸ்.ஏ.பி., மானுகிஸ்டிக்ஸ், சீபெல் என்று மூன்று மென்பொருள்களை ஒரே மூச்சில் இறக்கியது. செலவு சுமார் 11.2 கோடி டாலர். நான்கு வருட வேலையை, 2000-ஆம் ஆண்டுக் கணினிப் பிரச்சினைக்கு முந்திவிட வேண்டும் என்று 30 மாதமாகச் சுருக்கினார்கள். மாற்றம் நடந்தது ஜூலையில், ஹாலோவீன் மிட்டாய்க்குக் கடைகள் ஆர்டர் கொடுக்கும் நேரத்தில். சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. இத்தனைக்கும் சரக்குக்குப் பஞ்சமில்லை. பருவ நெருக்கடியில் கிடங்கு நிரம்பினால் காலியாக இருக்கும் வேறு இடங்களில் அடுக்கிவைப்பது அங்கே பழைய வழக்கம். அந்த இடங்கள் புதிய மென்பொருளில் பதிவாகவில்லை. எந்த வரைபடத்திலும் இல்லாத வேலைமுறையை எப்படி மாற்றிக்கொள்வது? அதை அறிந்தவர் கிடங்குக்காரர். ஆலோசகர் கூட்டத்துக்கு வருபவர் மேலாளர்.

எந்தத் தொழிற்சாலை ஸ்டோர்ஸிலும் இது சின்ன அளவில் நடக்கிறது. மாலை ஐந்தரைக்கு இரும்பு லோடு வருகிறது. பர்ச்சேஸ் ஆர்டர் 10 டன், எடைமேடை 10.4 டன் காட்டுகிறது. ஆர்டருக்கு மேல் எவ்வளவு ஏற்கலாம் என்ற வரம்பை யாரோ பூஜ்யமாக வைத்திருப்பதால் ஜி.ஆர்.என். (சரக்கு வரவுச் சீட்டு) போட முடியவில்லை. திருத்த வேண்டிய ஆள் வீட்டுக்குப் போய்விட்டார். லாரி டிரைவர் அவசரப்படுத்துகிறார். ஸ்டோர் கீப்பர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு சரக்கை இறக்கிவிடுகிறார். மறுநாள் உற்பத்திக்கு இரும்பு வேண்டும். கணினியில் ஸ்டாக் இல்லை, இரும்போ வாசலில் கிடக்கிறது. இன்னொரு சீட்டு. ஆறு மாதத்தில் தனியாக ஓர் எக்செல் ஷீட் முளைக்கும். மேலாளரும் அதைத்தான் கேட்டு வாங்குவார். திட்ட அறிக்கையில் இதற்குப் பெயர் 'பயனர் எதிர்ப்பு'. ஆலையை நிறுத்தாமல் ஓட்டிய மனிதருக்குக் கிடைக்கும் பட்டம்!

இப்படி நேராமல் தடுக்கப் பயிற்சி வேண்டும் என்பதை நைக்கி பட்டுத் தெரிந்துகொண்டது. 2000-ல் ஐ2 என்ற திட்டமிடல் மென்பொருளை அவசரமாக இறக்கியதில், விற்காத காலணி குவிந்தது, கேட்ட காலணி கிடைக்கவில்லை; விற்பனை இழப்பு சுமார் 10 கோடி டாலர். அதற்காகத் திட்டத்தைக் கைவிடாமல், எஸ்.ஏ.பி.யை நிறுவும் வேலையை நிதானமாகத் தொடர்ந்தார்கள். வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு 140 முதல் 180 மணி நேரம் பயிற்சி. அதை முடிக்கும்வரை மென்பொருளுக்குள் நுழைய அனுமதி இல்லை. நம் கம்பெனிகளில் கடைசி வாரம் இரண்டு மணி நேரம் பவர்பாயின்ட் ஓட்டுவதற்குப் பயிற்சி என்று பெயர். நீண்ட பயிற்சிக்குச் செலவு அதிகம்தான். ஆனால் அந்த 10.4 டன் மாதிரிச் சங்கதிகள் முன்கூட்டி வெளிவர வேறு இடமும் இல்லை.

அடுத்தது தேதி. இந்தியாவில் ஏப்ரல் 1 அன்று கோ-லைவ், அதாவது புதிய மென்பொருளுக்கு மாறுவது என்பது கிட்டத்தட்ட சம்பிரதாயம். நிதியாண்டின் முதல் நாள், தொடக்க இருப்பைச் சுத்தமாக ஏற்றலாம் என்பது நியாயமான காரணம். ஆனால் கணக்குப் பிரிவு ஆண்டு முடிவு வேலையில் மூழ்கிக் கிடப்பதும் அதே வாரம்தான். சோதனைக்கு ஆள் கிடைக்காது. ஹெர்ஷி 2002-ல் தன் எஸ்.ஏ.பி.யைப் புதுப்பித்தபோது, குறித்த காலத்தில், பட்ஜெட்டுக்குள் முடித்தது. ஆகவே அதே கம்பெனியால், அதே மென்பொருளால் முடியாத காரியம் இல்லை; 1999-ல் கெடுத்ததில் அவசரத் தேதிக்கும் பங்குண்டு. ஸ்டோர்ஸ், கணக்கு, டெஸ்பாட்ச் தலைவர்கள் மூவரும் கையெழுத்திட்டால்தான் கோ-லைவ் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது பெரிய காரியமா? பில்லின் பெரிய தவணை கோ-லைவ் தேதியோடு கட்டப்பட்டிருக்கும்போது, அந்த வரியை ஆலோசனை நிறுவனம் தானாக எழுதித் தராது. கம்பெனிதான் கேட்டு வாங்க வேண்டும்.