பிரமாணமும் கிருபையும்: ‘சைவதூஷண பரிகாரம்’ எழுப்பும் ஒரு வினா

மனிதன் மீட்கப்படுவது விதிகளைக் கைக்கொள்வதாலா, அன்றி விசுவாசத்தின் வழி இலவசமாகக் கிடைக்கும் கிருபையாலா என்னும் வினா, பவுலின் நிருபங்கள் தொட்டுக் கிறித்தவ இறையியலில் ஓயாது விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. 16ஆம் நூற்றாண்டில் லூத்தர் இவ்வினாவை முன்னிறுத்தியே ஐரோப்பியத் திருச்சபையின் அடித்தளத்தை அசைத்தார். யாழ்ப்பாணத்திலோ, 19ஆம் நூற்றாண்டில், அது சைவக் கிரியைகள் பற்றிய வாதமாக உருமாறியது. அவ்வாதத்தின் தலைசிறந்த ஆவணம் ஆறுமுக நாவலரின் ‘சைவதூஷண பரிகாரம்’ (1854) ஆகும். அந்நூல் வென்ற இடத்தையும், அதுவும் அதன் எதிரிகளும் ஒருங்கே தொடாது விட்ட இடத்தையும் இங்கு நோக்குவோம்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். புறச்சடங்கு ஒருவனை மீட்காது, உள்ளத்தின் விசுவாசமே மீட்கும் என்பது அவர்தம் போதனையின் உயிர்நிலை. திருநீறு, அபிடேகம், தீபாராதனை என்பன யாவும் இவ்வளவுகோலாலேயே பயனற்ற கிரியைகளெனக் கண்டிக்கப்பட்டன.

இதற்கு விடையிறுத்த நாவலர் விவிலியத்தைப் புறத்தே நின்று அறிந்தவரல்லர். 1850இல் வெளிவந்த தமிழாக்கத்திற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றவர் அவர். எனவே எதிரியின் நூலையே சான்றாகக் காட்டுதல் அவருக்கு இயன்றது. பலிபீடம், தூபம், விளக்கு, குருமாரின் உடை, ஆசௌச விதிகள் முதலியவற்றை வேதாகமத்தின் தேவனே விரிவாக விதித்துள்ளான். அங்ஙனமாகச் சைவர் செய்வது மாத்திரம் குற்றமாவது எவ்வாறு? இதுவே அவர் வாதத்தின் சாரம். ‘யாத்திராகமம்’, ‘லேவியராகமம்’ எனக் கிறித்தவரே தம் பிரமாண நூல்களுக்கு ஆகமப் பெயரிட்டு வழங்கியமை இங்கு கருதத்தக்கது. ஆகமநெறி நின்ற சைவர் ஒருவருக்கு அந்நூல்கள் அந்நியமாகத் தோன்றியிரா.

பிரமாணம் கிறித்துவில் நிறைவேறிற்று. ஆதலின் அச்சடங்குகள் ஒழிந்தன என்பது கிறித்தவரின் வழமையான மறுமொழி. இறையியல் நோக்கில் இது பொருத்தமான விடையே. கிரியை தன்னியல்பில் தெய்வ விரோதமானதன்று என்பதை மாத்திரமே நாவலரின் ஒப்பீடு நிறுவுகின்றது. பவுலின் வாதத்தை அது நேர்முகமாக எதிர்கொள்ளவில்லை.

ஆயின் மிஷனரிமாரின் கண்டனத்திலும் பெருங்குறை ஒன்றுளது. சைவசித்தாந்தத்தை அருள்பற்றி அறியாததொரு சடங்குமதமாக அவர்கள் கொண்டனர். சரியையும் கிரியையும் அருளை விலைகொடுத்து வாங்கும் பண்டமல்ல என்பதும், ஆன்மா பக்குவமுறுங்கால் அருளே பதிகின்றது என்பதும் சித்தாந்தத்தின் துணிபு. நாவலரே 1852இற் பெரியபுராணத்தை வசனமாக்கியவர். ஆகம விதி அறியாத வேடராகிய கண்ணப்பர் ஊனைப் படைக்கிறார். விதி வழுவாத சிவகோசரியார் அது கண்டு பதைக்கிறார். இறைவனோ வேடரின் அன்பினை ஏற்கிறான். விதியை அருள் கடந்து செல்லும் இக்கதையை எழுதிய கையே இரண்டாண்டுகளின் பின் விதியைக் காக்கும் கண்டன நூலையும் எழுதிற்று. திருநாளைப்போவார் வரலாற்றில் இம்முரண் இன்னும் கூர்மை பெறுகின்றது. அருள் அவரைத் தில்லைக்குள் அழைக்கின்றது. ஆயினும் நெருப்பிலே மூழ்கிய பின்னரே அவர் உட்புகுகின்றார்.

இனி, இரு சாராரும் தொடாது விட்ட இடத்துக்கு வருவோம். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்திற் பவுல் பேதுருவை முகத்துக்கு நேரே எதிர்க்கிறார். வாக்குவாதம் தூபதீபம் பற்றியதன்று, பந்தி பற்றியது. அந்தியோகியாவிற் புறவினத்தாருடன் இருந்து உண்ட பேதுரு, எருசலேமிலிருந்து யூதர் சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்னும் பெருங்கோட்பாட்டைப் பவுல் அந்நிருபத்தில் இந்நிகழ்ச்சியைத் தொட்டே விரிக்கிறார். ஆகவே கிருபைக் கோட்பாடு தொடக்கத்திலேயே, யாருடன் யார் இருந்து உண்பது என்னும் சமூக வினாவோடு பிணைந்ததாகும்.

யாழ்ப்பாணத்துக்கு இதனிலும் பொருத்தமான வேதவாக்கியம் வேறில்லை. மிஷனரிமார் சாதியைக் கொள்கையளவிற் கண்டித்தனர் என்பது உண்மையே. ஆயினும் வேளாளர் பிள்ளைகளையே பெரிதும் நம்பியிருந்த அவர்தம் கல்வி முயற்சி, அக்கண்டனத்தை அதன் எல்லைவரை கொண்டுசெல்லவில்லை. கிருபை உள்ளத்தின் செய்தியாகச் சுருங்கியது. ஊரின் எழுதாப் பிரமாணம் பிழைத்துக்கொண்டது. நாவலரோ அவ்வெழுதாப் பிரமாணத்தை ஆசாரமெனவே பேணினார். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் வழங்க முற்பட்டபோது எழுந்த வன்மையான எதிர்ப்பும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும், அப்பிரமாணத்தின் நீண்ட ஆயுளுக்குச் சான்றுகளாம். செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியை ஒட்டி 1924இல் உருவாகிப் பின்னர் வாலிப காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம், ஹன்டி பேரின்பநாயகம் முதலியோரின் முயற்சியாற் சமபந்தியை நடத்திக் காட்டியது. அந்தியோகியாவின் வினாவுக்கு அம்மண்ணிற் கிடைத்த விடை பிரசங்க மேடையிலிருந்து வந்ததன்று.

முற்போக்கு விமர்சகர் சிலர் இத்தகைய கண்டன நூல்களை வர்க்க நலன்களின் வெறும் போர்வையெனக் கொண்டு ஒதுக்கிவிடுவர். அது போதிய நோக்காகாது என்பதே எமது கருத்து. பேதுருவை எதிர்த்த பவுலும், ஊனைப் படைத்த கண்ணப்பரும், அவ்விரு சமயத்தாரின் கைகளிலிருந்த நூல்களிலேயே இடம்பெற்றிருந்தனர். தம் சமூகத்தைக் கண்டிக்கும் அளவுகோல் இரு சாராரிடத்தும் இருந்தது. அதனை எதிரியை அளக்கவே அவர்கள் எடுத்தனர். ‘சைவதூஷண பரிகாரம்’ வாதத்திறனில் ஒப்பற்றது. அதனை மதிப்பிடும் ஆய்வாளர், அதில் எழுப்பப்படாத இவ்வினாவையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.