மனுவும் அறையும்

புகலிட இலக்கியம் என்றதும் தனிமை, பனி, ஊர் நினைவு என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு பேசுவது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. இந்தப் பேச்சில் ஒரு விடயம் விடுபட்டுப் போகிறது. 1983 ஜூலைக்குப் பின்னர் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த எம்மில் தனியே நின்று பிழைத்தவரை நாம் அறியோம். விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தவர், படுக்க இடம் விட்டவர், கோப்பை கழுவும் வேலைக்குச் சொல்லிவிட்டவர், ஏஜென்சிக் கடன் தீர்க்கத் தன் சீட்டைக் கழித்துத் தந்தவர் என ஒவ்வொருவருக்கும் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். அந்த ஐந்தாறு பேர் எமது எழுத்தில் எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியோடு இரண்டு நூல்களை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

முதலாவது, ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). பிரான்சில் அகதி அந்தஸ்துக் கோரும் ஒருவரின் மனுவோடு இந்நாவல் தொடங்குகிறது. மனு ஒன்று நாவலின் வாசலாக அமைந்ததை வெறும் உத்தியாக நாம் கருதவில்லை. 1951ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை அகதியைத் தனி ஆளாகவே பார்க்கிறது. இனத்தாலோ மதத்தாலோ அரசியற் கருத்தாலோ உனக்கு என்ன நேரும் என்றே அது கேட்கிறது. ஆகவே வந்திறங்கியதும் நாம் எழுதப் பழகிய முதல் உரைநடை 'நான்' என்று தொடங்குவதாக இருந்தது. என் வீடு எரிந்தது, என்னைப் பிடித்தார்கள், என்னை அடித்தார்கள். ஊரே எழும்பி ஓடிய கதையையும் ஒருவர் ஓடிய கதையாக மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் உள்ள வேடிக்கை, அந்த 'நானை' ஒருவர் தனியே எழுதியதில்லை என்பதுதான். ஒருவர் சொல்ல, இன்னொருவர் தமிழில் ஒழுங்குபடுத்துவார். மொழி தெரிந்த மூன்றாமவர் இரவு வேலை முடிந்து வந்து மொழிபெயர்ப்பார். நான்காமவர் தேதிகள் பிசகாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார். ஒருவரின் மனுவில் ஓர் அறையே கையெழுத்திட்டிருந்தது. கொரில்லாவின் மனுவை வாசிக்கும்போது எமக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒருசேர வருவதற்கு இந்த அனுபவமே காரணம். ஆனால் அந்த மனுவின் 'நானை' எமது படைப்பாளிகள் பலர் மனுவோடு விட்டுவிடவில்லை. கவிதைக்கும் சிறுகதைக்கும் அதைக் கொண்டுவந்தார்கள். அறையிலிருந்த மற்றவர்கள் கதையிலிருந்து காணாமற் போனார்கள்.

இரண்டாவது நூல், செல்வம் அருளானந்தத்தின் 'எழுதித் தீராப் பக்கங்கள்' (2016). ரொறன்ரோவிலிருந்து 'காலம்' சஞ்சிகையை நடத்திவரும் செல்வம், தமது பாரிஸ் அகதி வாழ்வை இதில் சொல்கிறார். இந்நூலின் பலம், சொல்பவர் தன்னைக் கதாநாயகனாக்கிக் கொள்ளாததுதான். நெருக்கியடித்துப் படுத்த மனிதர்களும் அவர்களின் சண்டையும் பகிடியும் பக்கங்களை நிறைக்கின்றன. துயரத்தைச் சொல்ல முற்படும் இடங்களிலும் சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது. அது வாசகரை மகிழ்விக்க இட்ட அலங்காரமன்று. சமையல்முறை வைத்துச் சோறு தின்ற அறைகளில் சிரிப்பும் ஒருவருக்கொருவர் செய்த உதவிதான். அன்று அது இல்லாமல் விடிந்த இரவுகள் குறைவு.

ஆயினும் அறையைப் புனிதப்படுத்தும் ஆபத்து எமக்கு உண்டு. எந்த அறைக் கதவும் எல்லோருக்கும் திறந்ததில்லை. எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த இயக்கம், சில வேளை வாய்விட்டுக் கேட்காமலே எந்தச் சாதி என்பதை அறிந்த பின்னரே பாய் விரிக்கப்பட்டது. பெண்களின் நிலை இன்னும் வேறு. கல்யாணமாகி வந்திறங்கிய பலருக்கு அறை என்ற அனுபவமே வாய்க்கவில்லை. மொழி தெரியாத நாட்டில் பூட்டிய வீடும் கணவரின் நண்பர்களுக்குச் சமைப்பதுமே அவர்களுக்குக் கிடைத்தன. எம்மைத் தாங்கிய வலை அவர்களுக்குச் சுமையாயிற்று. 1990இல் ஜேர்மனியில் பெண்கள் சந்திப்புத் தொடங்கியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். தங்களுக்கில்லாத அறையை அவர்களே கட்டிக்கொண்டார்கள். 1988இல் தொடங்கிய இலக்கியச் சந்திப்பும் அப்படியான ஓர் அறைதான். மாற்றுக்கருத்தோடு தனித்துப் போனவர்கள் அங்கே ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

வலையை அறுப்பது எவ்வளவு சுலபம் என்பதையும் நாம் கண்டோம். 1994 மே 1ஆம் திகதி சபாலிங்கம் பாரிசில் தமது வீட்டிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் சில வீடுகளின் படியேற எமக்குக் கால் வரவில்லை. எம்மோடு ஒரே அறையில் இருந்த ஒருவரோடு பழக வேண்டாம் என்று சொன்னார்கள். நாமும் பழகவில்லை. எமக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவர் அவர். வீடு மாறியபோது புதிய கொப்பியில் தொலைபேசி இலக்கங்களைப் பார்த்து எழுதினோம். அவருடையதை எழுதவில்லை. யாரும் எம் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

ஆகவே அறையைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் கதவையும் எழுத வேண்டும் என்பதே எமது கருத்து. உள்ளே விட்டவரை நன்றியோடு எழுதுவது போல, வெளியே நின்றவரையும், அவரை நிறுத்திய எம்மையும் எழுத வேண்டும். செல்வத்தின் நூல் இதற்கு நல்ல தொடக்கம். அங்கே மனிதர்கள் பெயரோடும் பசியோடும் நடமாடுகிறார்கள். கதவின் கதை இன்னும் போதியளவு எழுதப்படவில்லை.

அன்று இருபது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பிள்ளைகள் வேறு நகரங்களில். ஒருவருக்கு நெஞ்சு நொந்தால் யாரைக் கூப்பிடுவது என்பது மறுபடியும் எம்முன் வந்து நிற்கும் கேள்வி. இம்முறை மனுவெழுத எவரும் தேவையில்லை. கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். அந்தப் பழைய இலக்கம் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.