கணினியின் நாடி பிடிக்கும் சிறுநிரல்
சோகோ நிறுவனத்தின் சைட்24எக்ஸ்7 போன்ற கண்காணிப்புத் தளத்திற்குக் கணினியின் நலனை அவ்வப்போது எடுத்துரைக்கும் ஸ்கிரிப்ட், அதாவது சில வரிகளே கொண்ட சிறுநிரல், நன்றாக எழுதப்பட்டிருந்தால் படிப்பதற்கே இன்பம் தருவதாகும். லினக்ஸில் அச்சிறுநிரல் படிக்கும் ‘லோட்ஆவ்ஜி’ என்னும் கோப்பின் அளவு பூச்சியம் என்றே காட்டப்படும்; ஆயினும் படிக்கும் கணத்திலேயே இயங்குதளத்தின் உள்மையமான கெர்னல், கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிப் பணிச்சுமையை அதில் எழுதித் தருகிறது. அம்மூன்று எண்களையும் ஒருசேரக் காணும் பழகிய கண், சுமை ஏறுகிறதா வடிகிறதா என்பதை நாடி பார்க்கும் வைத்தியரைப் போல உணர்ந்துகொள்ளும்.

கணினி சென்னைத் தரவு மையத்தில் இருப்பினும் தொப்பம்பட்டியில் ஒரு மேசைக்கடியில் இருப்பினும், சிறுநிரலின் நயம் அதன் அடக்கத்திலேயே உள்ளது. எண்ணைப் பெயரோடு இணைத்து ஜேசான் என்னும் எளிய உரைவடிவில் தந்துவிட்டு, அளக்கும் பொருளின் ஆற்றலைத் தானே தின்றுவிடாமல் அது விலகிக்கொள்கிறது. அளவு கிடைக்காதபோது பூச்சியத்தை இட்டு நிரப்பாமல், கிடைக்கவில்லை என்றே அறிவிக்கும் நேர்மையும், புதிய அளவையைச் சேர்க்குந்தோறும் பதிப்பு எண்ணை உயர்த்த மறவாத கைப்பழக்கமும் தேர்ந்த நிரலரின் பொறுமையைக் காட்டுவன.