சேந்தமங்கலம் சாலையில் இரண்டு வழிகள்

நாமக்கல்லில் பேருந்து ஏறி, சேந்தமங்கலம், ராசிபுரம் வழியாகச் சேலம் போய்ப் பாருங்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கொல்லிமலை நெடுந்தூரம் கூடவே வரும். 1623-ஆம் ஆண்டு இந்தச் சமவெளிக்குக் காவி உடுத்த ஓர் இத்தாலியத் துறவி வந்தார். இராபர்ட் தெ நோபிலி என்பது அவர் பெயர். தமிழில் தத்துவ போதகர். அவருடைய மதுரை மிஷனில் கிறிஸ்துவைப் போதிக்க இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று பிராமண சந்நியாசி வழி. மற்றொன்று பண்டாரசாமி வழி. இரண்டையும் ரசிக்கலாம். ரசித்த கையோடு ஒன்றைத் தேர்ந்துகொள்ளவும் வேண்டும் என்பது என் கட்சி.

முதலில், கோலத்தைப் பாருங்கள்

நோபிலி 1577-இல் ரோமில் உயர்குடியில் பிறந்தவர். 1606-இல் மதுரை வந்தபோது, ஐரோப்பியர் என்றாலே ஊருக்குப் பரங்கிதான். மாட்டிறைச்சி தின்று மது குடிக்கிற கூட்டம். ஆகவே இறைச்சியையும் மதுவையும் விட்டார். காலில் பாதக்குறடு, கையில் தண்டும் கமண்டலமும், நாளுக்கு ஒரே வேளை சைவச் சாப்பாடு. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் மூன்றையும் கற்றார். ‘ஞானோபதேச காண்டம்’, ‘ஆத்தும நிர்ணயம்’ போன்ற உரைநடை நூல்கள் அந்த உழைப்பில் வந்தவை.

இதற்குத் திருச்சபைக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு. கிறிஸ்தவரானவர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு ரோம் வரை போனது. 1623 ஜனவரி 31 அன்று போப் பதினைந்தாம் கிரகோரி நிபந்தனைகளோடு அனுமதி தந்தார். நோபிலி வடக்கே புறப்பட்டதும் அதே ஆண்டுதான்.

சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை மரியாதையோடு வரவேற்றார். நாமக்கல் மலைக்கோட்டையைக் கட்டியவர் என்று சொல்லப்படுபவர் இவர்தான். சேலத்தில் கதை வேறு. தங்க வீடு கிடைக்கவில்லை. வழிப்போக்கர் மண்டபத்தில் கிடந்து நோயில் விழுந்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய உடம்பு, ஒரு வேளைச் சோறு, திறந்த மண்டபம். அப்போதும் ஊரை விட்டுப் போகவில்லை. பிறகே ஊர் மனம் இளகியது. ஆட்சி உரிமையை இழந்திருந்த திருமங்கல நாயக்கர் 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். இந்த வழியின் அழகை ரசிக்கச் சேந்தமங்கலத்து உபசாரம் போதாது. சேலத்து மண்டபத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, வாசலைப் பாருங்கள்

மத்தேயு சுவிசேஷத்தின் ஏழாம் அதிகாரத்தில் இயேசு இடுக்கமான வாசலையும் விரிவான வாசலையும் பற்றிப் பேசுகிறார். நாம் உடனே, எந்த வழி கடினமானது என்று கேட்போம். அப்படிக் கேட்டால் சந்நியாசி வழிக்குத்தான் முதல் மதிப்பெண். இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: அந்தக் கடினத்தைச் சுமந்தது யார்?

பசியை நோபிலி தாமே சுமந்தார். சாதி ஆசாரத்தின் சுமை வேறு தலைகளில் விழுந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாரோடு வெளிப்படையாகப் பழகினால் மேல்சாதி வீடுகளின் கதவு அடைபட்டுவிடும். அதனால் சந்நியாசி அவர்களை இரவில், மறைவாகத்தான் சந்திக்க முடிந்தது. விளக்கணைந்த பிறகு தன் குருவைப் பார்க்க வந்தவரின் இடத்தில் நின்று யோசியுங்கள். அதே கடவுள், அதே ஞானஸ்நானம். ஆனாலும் பகல் அவருக்கு இல்லை.

இனி, பண்டாரத்தைப் பாருங்கள்

இந்தக் குறைக்கு மருந்தாக 1640-இல் பால்தசார் தா கோஸ்தா என்ற போர்த்துகீசியக் குரு பண்டாரசாமி ஆனார். பிராமணரல்லாதாருக்குக் குருவாக இருந்த சைவப் பண்டாரங்களின் கோலம் அது. நோன்பும் எளிமையும் இதிலும் உண்டு. ஆனால் பண்டாரம் மேல்சாதித் தெருவுக்கும் போகலாம், சேரிக்கும் போகலாம். நோபிலி 1656-இல் மயிலாப்பூரில் இறந்தார். இரண்டாம் வழி பிறந்தது அவர் கண்ணெதிரே, அவருடைய மிஷனிலேயே. பிற்காலத்தில் பண்டாரசாமிகளே பெருகினார்கள். 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தரும் பண்டாரசாமிதான்.

இந்த வழியும் சாதியை ஒழித்துவிடவில்லை. தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் தனி இருக்கைகளும், கல்லறைத் தோட்டங்களில் தடுப்புச் சுவர்களும் அதன் பிறகும் நீடித்தன. தலித் கிறிஸ்தவர்கள் இன்றும் அதை எதிர்த்துப் போராடுகிறார்கள். ஆயினும் திசை சரியானது. நோபிலியின் படிப்பையும் தவத்தையும் கைகூப்பி மதிக்கிறேன். பின்தொடரச் சொன்னால் பண்டாரத்தின் பின்னால்தான் போவேன். வழியின் இடுக்கம் நடக்கிறவர் தன் ஆசைகளைக் கழற்றிவைப்பதற்காக இருக்கிறது. அடுத்தவரை வெளியே நிறுத்த அதைக் காரணம் காட்டக் கூடாது.

இந்தச் சாலையோர ஊர்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் பாட்டையும் பிரசங்கத்தையும் மனதார ரசியுங்கள். ரசித்து முடித்ததும் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள், கல்லறைத் தோட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் யார் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அந்தச் சபை எந்த வழியில் நடக்கிறது என்பதைப் பிரசங்கத்தைவிட அந்தப் பதில்கள் தெளிவாகச் சொல்லும்.