மெதுவாக நகரும் சுவர்

கிரெக் ஈகனின் ‘ஷில்ட்ஸ் லேடர்’ (2002) நாவலைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் கணிதத்தைப் பார்த்து மிரள்வார்கள், இல்லையென்றால் வியப்பார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒரே ஒரு எண்தான். இருபதாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய காலம். காஸ் என்ற பெண் நடத்தும் சோதனையில் ஒரு புதுவகை வெற்றிடம் பிறக்கிறது. பிறந்த கணமே மறைந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மறையவில்லை. ஒளியின் பாதி வேகத்தில் அது பரவத் தொடங்குகிறது. ஏன் பாதி?

இதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும். வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். குவாண்டம் புலக் கோட்பாட்டில் அது புலங்கள் அமைதியாகக் கிடக்கும் நிலை, அவ்வளவுதான். மலைச்சரிவில் ஒரு பள்ளத்தில் தங்கிய உருண்டை போல. கீழே இன்னும் ஆழமான பள்ளம் இருந்தால், நாம் இருப்பது போலி வெற்றிடம். குவாண்டம் விதிகளின்படி, நடுவிலுள்ள மேட்டை ஏறாமலேயே உருண்டை அந்தப் பக்கம் போய்விடலாம். 1977இல் சிட்னி கோல்மன் இதைக் கொதித்தலோடு ஒப்பிட்டார். கொதிநிலையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும் நீரில் சின்னக் குமிழிகள் தோன்றித் தோன்றி அமுங்கும். போதுமான அளவில் ஒன்று வந்துவிட்டால் அப்புறம் அது நிற்காது. வெற்றிடக் குமிழியும் அப்படித்தான். அதன் சுவர் சீக்கிரமே ஏறக்குறைய ஒளியின் வேகத்தை எட்டிவிடும்.

கதாசிரியனுக்குச் சிக்கல் இங்கேதான். அழிவும் அழிவைப் பற்றிய செய்தியும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரும். ஓட நேரமில்லை, அழ நேரமில்லை, சாட்சி சொல்ல ஆளில்லை. இதில் கதை எங்கே? ஈகன் வேகத்தைப் பாதியாகக் குறைத்தது கதைக்கான அவகாசத்துக்காக என்றே வாசிக்கிறேன். அறுநூறு ஆண்டுகள் கழித்து, சுவரை ஒட்டிப் பறக்கும் ‘ரிண்ட்லர்’ கலத்தில் இரண்டு அணிகள் வாதாடுகின்றன. ஒன்று சுவரைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்கிறது. மற்றது, இதை அழிக்காதே, புரிந்துகொள் என்கிறது.

இந்த நாவலோடு சேர்த்து நான் வாசிப்பது ஒரு புனைவை அல்ல, 1980இல் கோல்மனும் பிராங்க் டி லூச்சியாவும் ‘பிசிகல் ரிவ்யூ டி’யில் எழுதிய ஆய்வுக்கட்டுரையை. வெற்றிடச் சிதைவில் ஈர்ப்பையும் சேர்த்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அது. முடிவுரையில் திடீரென்று ஒரு பத்தி. புதிய வெற்றிடத்தில் நமக்குத் தெரிந்த உயிர் மட்டுமல்ல, வேதியியலே இருக்காது என்கிறார்கள். சரி, காலப்போக்கில் அங்கே வேறு ஏதாவது உருவாகி மகிழ்ந்திருக்கட்டுமே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் அல்லவா? அந்த ஆறுதலும் இல்லை என்று அடுத்த வரியிலேயே பறித்துவிடுகிறார்கள். குமிழியின் உட்புறம் ஈர்ப்பால் தன்மேலேயே நொறுங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. சமன்பாடுகளுக்கு நடுவே இப்படி ஒரு துக்கத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. இந்தப் பத்தியை மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: சில சூழல்களில் ஈர்ப்பு இந்தச் சிதைவையே நடக்கவிடாமல் தடுத்துவிடும் என்பதும் அதே கட்டுரையின் முடிவுதான்.

ஈகன் அந்தப் பத்தியை நினைத்து எழுதினாரா என்பது என் கேள்வியல்ல. ஆனால் நாவல் அதற்கான பதிலாகவே நிற்கிறது. சுவருக்கு அப்பால் இருப்பது பாழ் அல்ல. அங்கே உயிர்கள் இருக்கின்றன. கோல்மன் பறித்த ஆறுதலை ஈகன் திருப்பிக் கொடுக்கிறார், அதையே ஒரு சுமையாகவும் மாற்றிவிடுகிறார். நம் வீடுகளைக் காப்பாற்ற அவர்களை அழிக்கலாமா?

நாவலில் குறை இல்லாமலில்லை. பாத்திரங்கள் கருத்தரங்கில் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். மனதை நகலெடுத்து வைத்துக்கொள்கிற உலகம் என்பதால் சாவுக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் அதனாலேயே இழப்பு வேறொன்றாகிறது. உயிர் போகாது, ஊர் போகும். கோள் கோளாகக் காலிசெய்துவிட்டுக் கிளம்புகிறவர்களின் கோபத்தை ஈகன் அசட்டை செய்யவில்லை. நாவலின் மனிதத்தன்மை அங்கேதான் இருக்கிறது.

2012இல் ஹிக்ஸ் துகள் கிடைத்தது. அதன் நிறை சுமார் 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், டாப் குவார்க்குக்குச் சுமார் 173. இன்று தெரிந்த விதிகள் மிக உயர்ந்த ஆற்றல் வரை மாறாமல் பொருந்தும் என்று கொண்டால், இந்த இரண்டு எண்களும் நம் வெற்றிடத்தை நிலைத்ததற்கும் நிலையாததற்கும் நடுவிலுள்ள ஒரு குறுகிய விளிம்பில் நிறுத்துகின்றன. உடனே ‘பிரபஞ்சம் எந்நேரமும் அழியலாம்’ என்று தலைப்புகள் வந்தன. அதே கணக்கு தரும் ஆயுள், பிரபஞ்சத்தின் இன்றைய வயதான 1380 கோடி ஆண்டுகளைவிட ஒப்பிடவே முடியாத அளவு நீண்டது என்பதைத் தலைப்பில் யார் போடுவார்கள்?

பயமுறுத்துவது எளிது, அதில் இலக்கியத்துக்கு வேலையும் இல்லை. நாம் இல்லாத ஓர் உலகத்தில் நம்மைப்போல் இல்லாத ஒன்று நன்றாக இருக்கட்டும் என்று நினைக்க நம்மால் முடியுமா? கட்டுரையின் அந்தப் பத்தி முடியும் என்று நம்பித்தான் வருந்துகிறது. அந்த நினைப்புக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று நாவல் கேட்கிறது. இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.